ஊரை விட்டுப் போனவர்களின் ஆயர்



உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய குடும்பப் படத்தை ஒருமுறை பாருங்கள். அதில் நிற்பவர்களுள் எத்தனை பேர் இன்று அதே ஊரில், அதே பங்கில் இருக்கின்றார்கள்? ஒருவர் கனடாவில், ஒருவர் பிரான்சில், இன்னொருவர் மத்திய கிழக்கில் என்று நீங்கள் விரலை நகர்த்திக்கொண்டே போகக்கூடும். பூசை முடிந்து வெளியே வரும் தாய்மார் எம்மிடம் இரண்டு விதமாகப் பேசுவார்கள். மகனுடைய பயணம் சரிவர வேண்டும், செபியுங்கள் சுவாமி என்பது ஒன்று. பிள்ளைகள் எல்லாரும் இப்படிப் போய்விட்டால் கோவிலும் ஊரும் என்னாவது, பிரசங்கத்தில் தடுத்துச் சொல்லக்கூடாதா என்பது மற்றது. ஒரே தாய் ஒரு மாத இடைவெளியில் இரண்டையும் கேட்டதுமுண்டு. அவரை நாம் குறைகூறவில்லை. இரண்டும் ஒரே மனத்திலிருந்து வருபவைதான்.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவழித்த ஓர் ஆயரைப் பற்றியே இவ்வாரம் உங்களோடு பேச விரும்புகின்றோம். அவர் பெயர் ஜோன் பப்டிஸ்ட் ஸ்கலபிரினி. வட இத்தாலியிலுள்ள பியச்சென்சா மறைமாவட்டத்தின் ஆயராக 1876 முதல் 1905 வரை இருந்தவர். 2022ஆம் ஆண்டு புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டார்.

1839 ஜூலை 8ஆம் நாள், கோமோ நகருக்கு அண்மையிலுள்ள பினோ மொர்னாஸ்கோ என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். தகப்பனார் சிறு அளவில் திராட்சை இரச வியாபாரம் செய்தவர். எட்டுப் பிள்ளைகளுள் இவர் மூன்றாமவர். 1863இல் குருப்பட்டம் பெற்றபோது அவருடைய ஆசை எது தெரியுமா? இந்தியா போன்ற கீழைத் தேசத்துக்கு வேதபோதகராகப் போய்விட வேண்டும் என்பதே. ஆயர் விடவில்லை. உனக்குரிய இந்தியா இத்தாலியிலேயே இருக்கிறது என்ற கருத்தில் பதில் சொல்லி, குருமடத்தில் படிப்பிக்க அனுப்பிவிட்டார். தூரதேசம் போக விரும்பியும் போக விடப்படாத ஒருவர், போக விரும்பாமலே போகவேண்டி வந்த இலட்சக்கணக்கானோருக்குத் தந்தையானார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குருமட அதிபராகவும், பிறகு கோமோவில் நெசவுத் தொழிலாளர் வாழ்ந்த ஒரு பங்கின் குருவாகவும் இருந்தபின், 36 வயதிலேயே ஆயரானார். மறைமாவட்டத்தில் 365 பங்குகள். ஆண்டின் ஒரு நாளுக்கு ஒன்று என்று கணக்குச் சொல்லலாம். ஆனால் அவற்றுட் பல அப்பெனின் மலைகளில், வண்டி போகாத இடங்களில் இருந்தன. கோவேறு கழுதையின் மேலும் கால்நடையாகவும் சென்று அத்தனை பங்குகளையும் அவர் தரிசித்தார். ஒருமுறையன்று, ஐந்து முறை! மறைக்கல்வியில் அவர் காட்டிய ஊக்கத்தைப் பாராட்டிப் பாப்பரசர் 9ஆம் பத்திநாதர் அவருக்கு ஒரு மார்புச் சிலுவையை அன்பளிப்பாக அனுப்பினார். 1879-80 மாரிகாலத்தில் பெரும் பஞ்சம் வந்தபோது, அந்தச் சிலுவையையும் பாப்பரசர் கொடுத்த பூசைப் பாத்திரத்தையும் தம் குதிரைகளையும் விற்று, ஆயர் இல்லத்தின் வாசலில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார்.

மலைப்பங்குகளுக்குப் போன அந்த முதல் தரிசனத்தில்தான் ஒரு செய்தி அவருக்குத் தெரியவந்தது. பங்குக் குருமார் கொடுத்த கணக்குகளைக் கூட்டிப் பார்த்தபோது, அவருடைய மக்களுள் ஏறத்தாழ 28,000 பேர் ஊரில் இல்லை. நூற்றுக்குப் பதினொருவர் போய்விட்டனர். அந்த மலைச் சரிவுகளிலிருந்து பருவ வேலைக்கும், கைப்பெட்டி வாத்தியம் வாசித்துப் பிழைக்கவும், பாரிசுக்கும் இலண்டனுக்கும் ஆண்கள் போய்வருவது பழைய வழக்கந்தான். ஆனால் இப்போது போனவர்கள் பெண்சாதி பிள்ளைகளோடு போனார்கள். திரும்பும் எண்ணத்தோடு போகவில்லை.

ஏன் போனார்கள்? இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், வாசகரே. ஏனென்றால் அன்றும் இன்றும் அவசரமான பதில்கள் பல உண்டு. பேராசை என்பார் சிலர். சோம்பல் என்பார் சிலர். ஊதாரித்தனம், பகட்டு, பார்த்துச் செய்தல் என்று பட்டியல் நீளும். அன்றைய இத்தாலியப் பத்திரிகைகளிலும் இப்படித்தான் எழுதினார்கள்.

உண்மை வேறு. சிதறிக் கிடந்த சிற்றரசுகள் ஒன்றாகி 1861இல் இத்தாலி ஒரே இராச்சியமானது. புதிய அரசாங்கத்துக்குப் பெருங்கடன். அதை அடைக்க விதித்த வரிகளுள் ஏழைகளை மிகவும் வாட்டியது மாவரைப்பு வரி. 1869 தொடக்கம் ஒவ்வொரு திரிகைக் கல்லிலும் அது எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணும் ஒரு கருவியைப் பொருத்தி, அந்தக் கணக்குக்கு வரி வாங்கினார்கள். தின்னும் மாவுக்கே வரி என்றால் வீட்டு நிலைமை எப்படியிருக்கும்? அந்த வரி நீங்குவதற்கு 1884 ஆயிற்று. அது நீங்கும் வேளையில் வேறொன்று வந்தது. நீராவிக் கப்பல்களும் அமெரிக்கப் புகையிரதப் பாதைகளும் பெருகியதால் அமெரிக்கக் கோதுமை மலிவாக ஐரோப்பாவில் வந்து குவிந்தது. இத்தாலியக் கமக்காரனின் கோதுமைக்கு விலை விழுந்தது. அவனுடைய காணியோ, தகப்பனிடமிருந்து பிள்ளைகளுக்குப் பிரிந்து பிரிந்து கைக்குட்டை அளவாகிவிட்டிருந்தது. பலருக்கு அதுவுமில்லை. நிலக்கிழாரின் தோட்டத்தில் வாரத்துக்கோ நாட்கூலிக்கோ உழைத்தார்கள்.

இனிச் சாப்பாடு. விளைந்த கோதுமையை விற்றுவிட்டு, அவர்கள் உண்டது சோளமாக் களி. காலையிலும் மாலையிலும் அதுவே. அதனால் பெலாக்ரா என்ற நோய் வட இத்தாலியக் கிராமங்களைப் பிடித்தாட்டியது. தோல் வெடித்துக் கறுக்கும், வயிறு கெடும், கடைசியில் புத்தி பேதலிக்கும். பழுதான சோளமே காரணம் என்று அக்கால வைத்தியர் பலர் நினைத்தனர். சோளத்தையே நம்பி வாழ்வோருக்கு உடலுக்கு வேண்டிய ஓர் உயிர்ச்சத்து கிடைக்காததே காரணம் என்பது 1930களில்தான் முற்றாகத் தெளிவானது. இதற்குமேல் மகனுக்கு இருபது வயதானால் கட்டாய இராணுவச் சேவை வேறு.

இப்படிப்பட்ட வீட்டுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. அண்ணன் எழுதுகிறான், அல்லது அயலவன் எழுதுகிறான். இங்கே தினமும் இறைச்சி சாப்பிடுகிறோம் என்று. அந்தக் கடிதத்தை ஊரே கேட்கும்படி வாசிக்கிறார்கள். இந்தக் கடிதத்தின் வலிமையை உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

ஸ்கலபிரினியின் மனதை உலுக்கிய காட்சியொன்று மிலான் நகரப் புகையிரத நிலையத்தில் நிகழ்ந்தது. அவர் அவ்வழியாகப் போய்க்கொண்டிருந்தபோது, தங்குமண்டபமும் வெளி முற்றமும் நிறைய முந்நூறு நானூறு பேர் மூட்டை முடிச்சுகளோடு உட்கார்ந்திருக்கக் கண்டார். வெயிலில் கறுத்த முகங்கள். கூனிய கிழவர், குழந்தையை இடுப்பில் வைத்த தாய்மார், எங்கே போகிறோம் என்று தெரியாமல் விளையாடும் சிறுவர். துறைமுகத்துக்குப் போகும் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். வண்டி வந்தது, ஏறினார்கள், போய்விட்டார்கள். அவர் அங்கேயே நின்றார். தம் வாழ்நாளில் செய்தவற்றுக்கெல்லாம் பின்னால் அந்தச் சில நிமிடங்கள் இருந்தன என்பதை அவருடைய எழுத்திலிருந்து அறிகிறோம்.

1887இல் அவர் அமெரிக்காவுக்கான இத்தாலியக் குடிபெயர்வைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். ஓர் ஆயர் எழுதியதாயினும் அதில் புள்ளிவிபரமும் சட்டமும் பொருளாதாரமும் இருந்தன. அந்நாளில் இரண்டு கட்சியார் எதிரெதிராக நின்றனர். நிலக்கிழார்கள், குடிபெயர்வைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்றனர். அவர்களுக்கு மக்கள் மேலிருந்த அன்பு இதற்குக் காரணமன்று. ஆட்கள் குறைந்தால் கூலி ஏறும் என்ற பயமே காரணம். மறுபக்கத்தில் கப்பற் கம்பனிகளும் முகவர்களும், யாரும் எங்கும் போகலாம், யாரையும் நாம் ஏற்றலாம், அரசாங்கம் ஒதுங்கி நிற்கட்டும் என்றனர்.

ஸ்கலபிரினி இருவரையும் மறுத்தார். பிழைக்க வழியில்லாதவன் வேறு நிலம் தேடிப் போவது அவனுடைய இயற்கையான உரிமை, அதை எந்த அரசாங்கமும் பறிக்கக்கூடாது என்றார். ஆனால் போவதற்கு உரிமை உண்டென்பது வேறு, மனிதரை ஏமாற்றிப் போகச் செய்வதற்கு உரிமை உண்டென்பது வேறு என்று பிரித்துக் காட்டினார். மனதார விரும்பிப் போகும் போக்கு நல்லது, பசி பிடரியைப் பிடித்துத் தள்ளும் போக்கு கெட்டது. ஆகவே போகிறவனைத் தடுக்காதே, அவன் போகவேண்டியிராதபடி ஊரைத் திருத்து, போனால் அவனைத் தனியே விடாதே. அவர் நிலைப்பாட்டை இப்படிச் சுருக்கலாம் என்று நினைக்கிறோம். எளிதாகத் தோன்றும் இதைச் சொன்னதற்காக இரு பக்கத்தாரும் அவரிடம் கோபித்துக்கொண்டனர்.

முகவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் ஏஜென்சிக்காரர் என்றால் தெரியாதவர் இல்லை. நல்லவர்களும் இருக்கலாம். காணியை ஈடுவைத்துப் பணம் கட்டி, நடுவழியில் தெரியாத நாடொன்றில் கைவிடப்பட்ட பிள்ளைகளின் கதைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அன்றைய இத்தாலியில் தலைக்கு இவ்வளவு என்று கம்பனிகளிடம் தரகு வாங்கும் முகவர்கள் சந்தைகளிலும் கோவில் திருவிழாக்களிலும் வந்து நின்று, காணி இலவசம், வீடு இலவசம் என்று ஆசைகாட்டிப் பெயர் பதிந்தனர். உடைமைகளை விற்றுத் துறைமுகம் சென்ற குடும்பங்கள், கப்பல் வரும்வரை விடுதிக்காரரிடமும் திருடரிடமும் மிச்சப் பணத்தை இழந்தன. மனிதரை இறைச்சியாக விற்கும் வியாபாரம் என்று ஸ்கலபிரினி இதைக் கண்டித்தார். 1888 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் முகவர்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்து அவர்களை அங்கீகரித்தது. அச்சட்டத்தின் குறைகளை அவர் வெளிப்படையாக எழுதினார், நகரம் நகரமாகச் சென்று பொதுமண்டபங்களில் பேசினார். ஆயர் ஒருவர் பிரசங்க மேடையை விட்டு இறங்கிப் பொதுமேடையில் கணக்கும் சட்டமும் பேசியது அந்நாளில் பலருக்குப் புதுமை. 1901 ஜனவரியில் வந்த புதிய சட்டம் முகவர் தொழிலை ஒழித்து, கப்பற் கம்பனிகளையே பொறுப்பாளிகளாக்கி, குடிபெயர்வோர் நலனுக்கெனத் தனி ஆணையகத்தையும் நிறுவியது. பதின்மூன்று ஆண்டுகள் அவர் விடாமல் கேட்டவற்றுட் பல அதில் இருந்தன.

கேட்பதோடு அவர் நிற்கவில்லை. தென்னமெரிக்காவின் ஓர் ஒதுக்குப்புறத்திலிருந்து குடியேறியவர்கள் அனுப்பிய செய்தி அவருக்குக் கிடைத்திருந்தது. குருவும் இல்லை, வாத்தியாரும் இல்லை, வைத்தியரும் இல்லை, மிருகங்களைப் போல் வாழ்ந்து சாகிறோம் என்பதே அதன் சாரம். 1887 நவம்பர் 28ஆம் நாள், பாப்பரசர் 13ஆம் சிங்கராயரின் (இப்போது லியோ என்று எழுதுகிறோமே, அவர்தான்) ஆசியோடு, குடிபெயர்ந்தோருக்கென்றே ஒரு வேதபோதகர் சபையைத் தொடங்கினார். புனித சார்ள்ஸ் பொறோமேயுவை அதன் பாதுகாவலராக வைத்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் முதற்குழு புறப்பட்டது. சிலர் நியூயோர்க் சென்றனர், சிலர் பிறேசில் சென்றனர். குருமார் மட்டும் போதாதென்று, பொதுநிலையினரைக் கொண்டு புனித ரபாயேல் சங்கம் என்ற அமைப்பையும் உருவாக்கினார். இளம் தோபியாவுக்கு வழித்துணையாகப் போன அதே அதிதூதர்தான். இச்சங்கத்தாரும் அவருடைய குருமாரும் ஜெனோவாவிலும் நியூயோர்க்கிலும் துறைமுகத்திலேயே நின்று, ஏறுபவரையும் இறங்குபவரையும் ஏமாற்றுக்காரர் கையில் சிக்காமற் காத்தனர்.

புனித பிரான்சிஸ் சவேரியார் கபிரினி அன்னையை நீங்கள் அறிவீர்கள். அவர் சீனா போகவே கனவு கண்டுகொண்டிருந்தார். அவரை நியூயோர்க்குக்கு அழைத்தவர் ஸ்கலபிரினியே. அன்னை தயங்கினார். கடைசியில் பாப்பரசர், கிழக்கே அல்ல, மேற்கே போ என்ற பொருள்படச் சொன்னதால் 1889 மார்ச் 31ஆம் நாள் அங்கு போய் இறங்கினார். பிறகு நடந்ததை உலகம் அறியும். 1950இல் அவர் குடிபெயர்ந்தோரின் பாதுகாவலியாக அறிவிக்கப்பட்டார்.

ஆனால் இக்கதையில் எம் மனதை விட்டு நீங்காதவர் வேறொருவர். யோசேப் மார்க்கெற்றி என்ற இளங்குரு. லூக்கா மறைமாவட்டக் குருமடத்தில் ஆசிரியராக இருந்தவர், ஸ்கலபிரினியின் பேச்சைக் கேட்டுத் தம் மக்களோடு கப்பலேறினார். பிறேசிலுக்குச் சென்ற ஒரு பயணத்தில், கைக்குழந்தையுடைய ஒரு தாய் நடுக்கடலில் இறந்துபோனாள். உடலைக் கடலில் இறக்கினார்கள். கணவன் தானும் குதித்துவிடுவான் என்ற நிலை. அக்குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்தக் குரு அவனுக்கு வாக்குக் கொடுத்தார். கையில் காசுமில்லை, தங்க வீடுமில்லை. கரையிறங்கியதும் குழந்தையோடு கதவு கதவாகத் தட்டினார். 1895இல் சாவோ பாவுலோவில் அநாதைப் பிள்ளைகள் இல்லம் எழுந்ததற்கு அந்த வாக்கே அத்திவாரம். பிள்ளைகளைப் பார்க்கத் தம் தாயாரையும், அடைபட்ட கன்னியர் மடமொன்றில் சேரக் காத்திருந்த தங்கை அசுந்தாவையும் ஊரிலிருந்து கூட்டிச் சென்றார். 1895 ஒக்டோபர் 25ஆம் நாள் அசுந்தாவும் உடன்சென்ற பெண்களும் ஸ்கலபிரினியின் முன்னிலையில் வார்த்தைப்பாடு கொடுத்தனர். அப்படிப் பிறந்ததே புனித சார்ள்ஸ் பொறோமேயு வேதபோதகக் கன்னியர் சபை. மார்க்கெற்றி அடிகளார் 1896 டிசம்பரில் தைபஸ் காய்ச்சலால் இறந்தார். வயது 27. அசுந்தா ஐம்பது ஆண்டுகளுக்குமேல் அங்கேயே அநாதைகளோடு வாழ்ந்து 1948இல் காலமானார். 2014இல் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார்.

இங்கே ஒரு நிமிடம் நின்று, அந்தப் பிறேசில் நாட்டுத் தோட்டங்களைப் பாருங்கள், வாசகரே. அவை நமக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல. 1869இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் காணப்பட்டு, 1880களில் நம் கோப்பி அழிந்தே போயிற்று. அதே காலத்தில் பிறேசிலின் கோப்பி பெருகிக்கொண்டிருந்தது. அங்கே 1888 மே 13ஆம் நாள் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அடிமைகள் நின்ற இடத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. சாவோ பாவுலோ மாகாண அரசாங்கமே கப்பற் கூலி கொடுத்து இத்தாலியக் குடும்பங்களை வருவித்தது. தனி ஆட்களை அல்ல, குடும்பங்களை. பிள்ளைகளும் கோப்பி பறிக்கலாமே! இத்தனை மரத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். தோட்டத்துக் கடையில் கடனுக்குச் சாமான். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் மிஞ்சுவது கடனே. 1902இல் இத்தாலிய அரசாங்கம் இலவசக் கப்பற்பயணத்துக்கு ஆள்சேர்ப்பதைத் தடைசெய்யுமளவுக்கு நிலைமை மோசமாயிற்று.

நம் மலைநாட்டுக்குக் கோப்பி காலத்தில் வந்த தமிழர் எப்படி வந்தனர்? தமிழ்நாட்டுக் கிராமங்களில் கங்காணி முன்பணம் கொடுத்துச் சேர்த்தார். மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் வாந்திபேதியில் மாண்டவர்கள் ஏராளம். சேர்ந்தபிறகு துண்டு என்ற கடன்சீட்டு அவர்களைத் தோட்டத்தோடு கட்டிவைத்தது. அந்த மன்னார்ப் பாதையில் விழுந்தவர்களுக்காக ஒரு ஸ்கலபிரினி அன்று இருந்தாரா என்று எம்மை நாமே கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

1901இல், 62 வயதில், ஸ்கலபிரினி தாமே அமெரிக்கா சென்றார். ஜூலையில் ஜெனோவாவில் கப்பலேறி ஓகஸ்ட் தொடக்கத்தில் நியூயோர்க்கில் இறங்கினார். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டையும் சந்தித்தார். இத்தாலியர் அங்கே எப்படி நடத்தப்பட்டனர் என்பதற்கு ஒன்று சொல்கிறோம்: 1891இல் நியூ ஓர்லியன்சில் 11 இத்தாலியரைக் கும்பலொன்று சிறைக்குள் புகுந்து கொன்றது. ஆலயங்களிலும் வரவேற்புக் குறைவே. பல பங்குகளில் அவர்களுக்குப் பூசை கோவிலின் நிலக்கீழ் அறையில்தான். அமெரிக்க ஆயர்களுட் பெரும்பாலோர் ஐரிஷ் வழிவந்தவர்கள். மொழிக்கொரு பங்கு என்று பிரிந்தால் திருச்சபை துண்டு துண்டாகிவிடும் என்று அவர்களுள் பலர் அஞ்சினர். அந்த அச்சம் நியாயமற்றதென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் ஸ்கலபிரினி, தாய் தன் பிள்ளைக்குச் செபம் சொல்லிக்கொடுத்த மொழி அழிந்தால் அந்தச் செபமும் அதனோடு போய்விடக்கூடும் என்று கண்டார். ஆகவே அவருடைய குருமார் போன இடமெல்லாம் கோவிலுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடமும் கட்டினர். இலண்டனிலும் தொறொன்ரோவிலும் தமிழ்ப் பூசைக்கு வரும் உங்கள் பேரப்பிள்ளைகளை நினைத்தால், இந்த வாதம் இன்னும் முடியவில்லை என்பது புரியும்.

1904இல் பிறேசிலுக்கும் ஆர்ஜென்ரீனாவுக்கும் போனார். உடல்நலம் குன்றியிருந்தது. உள்நாட்டுக் குடியேற்றங்களில் பல ஆண்டுகள் ஆயரையே காணாத மக்களுக்கு உறுதிப்பூசுதல் வழங்கினார். மார்க்கெற்றி அடிகளார் விட்டுச்சென்ற அநாதை இல்லத்தையும் கண்டார். அங்கே இத்தாலியர் மட்டுமல்லாது போலந்தியர், ஜேர்மனியர் எனப் பல இனத்தவரும் அதே கதியில் இருக்கக் கண்டார். திரும்பி வந்ததும், எல்லா நாட்டுக் குடிபெயர்ந்தோரையும் கவனிக்க உரோமையிலேயே ஒரு நிலையம் வேண்டும் என்று பாப்பரசர் 10ஆம் பத்திநாதருக்கு விண்ணப்பம் எழுதி அனுப்பினார். அது 1905. மே மாத முடிவில் ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பின் உடல் தேறவில்லை. ஜூன் முதலாம் நாள், ஆண்டவருடைய விண்ணேற்றத் திருநாளன்று காலையில் உயிர்நீத்தார். அவர் கேட்டதைப்போன்ற ஒரு பிரிவு 1912இல் உரோமையில் தொடங்கப்பட்டது.

அவர் இறந்தபின்னும் மக்கள் போய்க்கொண்டே இருந்தனர். 1913 என்ற ஒரே ஆண்டில் இத்தாலியிலிருந்து 8,70,000க்கு மேற்பட்டோர் வெளியேறினர். 1876 தொடக்கம் 1915 வரை கணக்கிட்டால் ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பது இலட்சம் பேர். பலர் திரும்பியும் வந்தனர் என்பதை மறக்கக்கூடாது. சிலர் கொண்டுவந்த பணத்தில் காணி வாங்கினர், சிலர் நோயைக் கொண்டுவந்தனர்.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கின்றோம். 2022 ஒக்டோபர் 9ஆம் நாள் உரோமையில் ஸ்கலபிரினியோடு சேர்த்து இன்னொருவரும் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் அர்த்தேமிதே சாத்தி, சலேசிய சபைச் சகோதரர். 1897இல், அவருக்குப் பதினாறு பதினேழு வயதிருக்கையில், வறுமை காரணமாக அவருடைய குடும்பம் வட இத்தாலியிலிருந்து ஆர்ஜென்ரீனாவுக்குக் கப்பலேறியது. அங்கே நோயாளர்க்குப் பணிசெய்து ஏழைகளின் தாதியாகப் பேர்பெற்றார். இருவரையும் புனிதர் என்று அறிவித்தவர் பாப்பரசர் பிரான்சிஸ். அவருடைய பாட்டனும் பாட்டியும் தகப்பனாரும் வட இத்தாலியிலிருந்து ஆர்ஜென்ரீனாவுக்குப் போனவர்கள். 1927இல் கடலில் மூழ்கி நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்ட ஒரு கப்பலில் போகவே முதலில் இடம் பதிந்திருந்தார்கள். சொத்தை விற்கத் தாமதமானதால் அதைத் தவறவிட்டு, 1929இல் வேறொரு கப்பலில் போய்ச் சேர்ந்தார்கள்.